பழைய ரீலில் விசை போகும் வழி

பாறசாலையிலிருந்து தென்மேற்கே இறங்கினால், ரப்பரும் மரச்சீனியும் முடிந்து தென்னையும் மணலும் தொடங்கும் இடத்தில் பொழியூர் வரும். கேரளக் கடற்கரையின் தெற்குக் கோடி அது. அடுத்த ஊர் நீரோடி, தமிழ்நாடு. பொழியூருக்குச் சற்று வடக்கே, அகத்திய மலையில் பிறந்து நெய்யாற்றின்கரை வழியாக வரும் நெய்யாறு பூவாற்றில் பொழியுடைத்துக் கடலில் விழுகிறது. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இரண்டு பக்கமும் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன. இரண்டு பக்கமும் தூண்டில்காரர்கள் உண்டு. நீரோடியைத் தாண்டியுள்ள தூத்தூர்ப் பகுதி ஊர்கள், ஆழ்கடலில் ஆயிரங்கால் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதற்கு இந்தியா முழுவதும் பெயர் பெற்றவை.

இந்தக் கரையின் தொழில் தூண்டில் பெரும்பாலும் கைத்தூண்டிலும் நெடுந்தூண்டிலும்தான். ரீல் பூட்டிய கம்பு பொழிமுகத்திலும் பாறைகளிலும் நிற்பவர்களின் கருவி. அவர்கள் கையில் இன்று இருப்பது இலேசான புதுவகை ரீல். ஆனால் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் பெட்டிகளிலும், பழைய சாமான் கடைகளிலும், பரண்களிலும் இன்னொரு வகை கிடக்கிறது. இரண்டு வட்டத் தட்டுகள், நடுவே உருளை, வலப்பக்கம் கைப்பிடி, அதனடியில் நட்சத்திர வடிவச் சக்கரம். உருளை கம்புக்குக் குறுக்கே படுத்து, பற்சக்கரத்தால் வேகம் பெற்றுச் சுழலும் பழைய மரபு ரீல் இது. பித்தளையும் எஃகும் பேக்கலைட்டும் சேர்ந்த கனமான பொருள். இதில் ஒரு துண்டு உடைந்தால் உதிரிப்பாகம் இந்தப் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது. செய்துகொள்ளத்தான் வேண்டும். பொறியியலின் முக்கியமான பாடங்களில் பாதியை இந்த ஒரு கையடக்கப் பொருளை வைத்தே சொல்லிவிடலாம் என்பதால்தான் இதற்கு ஓர் அத்தியாயம் முழுவதையும் ஒதுக்குகிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1195 வாக்கில் சீன ஓவியர் மா யுவான் வரைந்த ஒரு படத்தில், தனிப்படகில் இருக்கும் மனிதனின் கம்பில் சிறு உருளை ஒன்று தெரிகிறது. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ரீல் சித்திரங்களில் அது ஒன்று. கைப்பிடி ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுற்றும் பற்சக்கர ரீல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் கடிகாரம் செய்பவர்களின் பட்டறைகளில் மெருகேறியது. அப்போதைய ரீலில் மீன் ஓடினால் கைப்பிடியும் பின்னோக்கிச் சுழலும். விரல் மூட்டுகள் உடைந்தன. 1913-இல் வில்லியம் போஷென் என்ற தூண்டில்காரரின் யோசனையை புரூக்ளின் ரீல் வல்லுநர் ஜூலியஸ் வொம் ஹோஃப் செய்து கொடுத்தார்: நட்சத்திரச் சக்கரத்தைத் திருகினால் உள்ளேயிருக்கும் வாஷர்கள் இறுகும், மீன் இழுத்தால் உருளை மட்டும் வழுக்கிச் சுழலும், கைப்பிடி அசையாது. 1932-இல் பிலடெல்பியாவில் ஆட்டோ ஹென்ஸ் தொடங்கிய பென் நிறுவனம் இந்த அமைப்பை எளிமையாக்கிப் பெருவாரியாகச் செய்தது. ஏறக்குறைய இதே உள்ளமைப்புதான் பரணில் கிடக்கும் ரீலிலும் இருக்கும்.

இப்போது பழுதுக்கு வருவோம். உடைந்த துண்டைப் பார்த்ததும் அதே அளவில் இன்னொன்று செய்யத்தான் கை போகும். அதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. மீனின் இழுப்பு எந்த வழியாக ரீலுக்குள் நுழைந்து எங்கே போய் முடிகிறது என்று தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். தூண்டில் நரம்பு உருளையை இழுக்கிறது. உருளையின் அச்சுமுனை பினியன் எனும் சிறு பற்சக்கரத்தைத் திருப்புகிறது. பினியன் பெரிய பற்சக்கரத்தைத் திருப்புகிறது. பெரிய சக்கரம் வாஷர் அடுக்கின் உராய்வு வழியாக நடுக்குழலைத் திருப்பப் பார்க்கிறது. குழலோடு பிணைந்த வெட்டுச்சக்கரத்தை ஒரு சிறு நாக்கு தடுத்து நிறுத்துகிறது. நாக்கைத் தாங்குவது பாலத்தகடு. பாலத்தகட்டைத் தாங்குபவை நாலைந்து திருகாணிகள். மீனின் பலம் கடைசியில் வந்து நிற்பது அந்தத் திருகாணிகளில்.

வழி தெரிந்தால் கணக்குப் போடலாம். நரம்பில் 5 கிலோ இழுப்பு என்று வைப்போம். நரம்பு சுற்றிய உருளையின் ஆரம் 2.5 செ.மீ. அப்படியானால் உருளையின் முறுக்கு 12.5 கிலோ-செ.மீ. பற்சக்கர விகிதம் 3-க்கு 1 என்றால் பெரிய சக்கரத்தில் அது 37.5 ஆகிறது. வெட்டுச்சக்கரத்தின் ஆரம் 1 செ.மீ. என்றால், நாக்கின் நுனியில் அழுத்துவது 37.5 கிலோ. நரம்பில் 5 கிலோவாக இருந்தது, விரல் நகத்தைவிடச் சிறிய ஓர் உலோகத் துண்டின் முனையில் ஏழரை மடங்காகி நிற்கிறது. பழைய ரீல்களில் அதிகம் உடைவது ஏன் இந்த நாக்கு என்பதற்கு விடை இங்கேயே இருக்கிறது.

முழு விடை இல்லை. இன்னும் ஒரு படி போவோம். 37.5 கிலோ என்பது சுமார் 370 நியூட்டன். நாக்கு 2 மி.மீ. தடிமன், வெட்டுச்சக்கரப் பல்லில் 3 மி.மீ. ஆழத்துக்குக் கவ்வுகிறது என்றால் தொடும் பரப்பு 6 சதுர மி.மீ. ஒரு சதுர மி.மீ.க்கு ஏறக்குறைய 60 நியூட்டன். சாதாரண 304 ரகத் துருவேறா எஃகு 200 நியூட்டனுக்கு மேல்தான் வளையத் தொடங்கும். தாராளமாகத் தாங்கும். ஆனால் நாக்கைப் பல்லுக்குள் தள்ளும் வில்கம்பி தளர்ந்துவிட்டால்? நாக்கு முழு ஆழத்துக்கு இறங்காது. அரை மி.மீ. மட்டும் கவ்வினால் பரப்பு 1 சதுர மி.மீ., அழுத்தம் 370 நியூட்டன். நுனி நசுங்கும், பிறகு உடையும். உடைந்தது நாக்கு, பழுதானது வில்கம்பி. நாக்கை மட்டும் மாற்றிப் போட்டால் அடுத்த பெரிய பாரை மீன் அதையும் உடைத்துவிட்டுப் போகும்.

நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே இந்த நாக்கின் மூத்த உறவு ஒன்று இருக்கிறது. பாலராமபுரம் கைத்தறிக்குப் பெயர்போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாலராம வர்மா மகாராஜா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர் குடும்பங்கள் தொடங்கிய நெசவு அது. கைத்தறிகளில் நெய்த துணியைச் சுற்றும் உருளை பின்னோக்கி நழுவாமலிருக்கப் பல்வெட்டிய சக்கரத்தையும் அதன்மேல் சாய்ந்து விழும் நாக்கையும் வைப்பதுண்டு. பாவு நூலின் இழுவிசை முழுவதையும் அந்த நாக்குதான் தாங்குகிறது. ரீலில் நரம்பு, தறியில் பாவு. தறியின் நாக்கு பெரும்பாலும் தன் எடையாலேயே விழுந்து கவ்வும். ரீலோ கையில் எந்தக் கோணத்திலும் சாயும். ஆகவே எடையை நம்பமுடியாது, வில்கம்பி வேண்டும். அந்தக் கூடுதல் துண்டுதான் ரீலின் பலவீனமும் ஆயிற்று.

வில்கம்பி செய்வது எளிது என்றே தோன்றும். கம்பியின் விட்டத்தில் கவனம் தேவை. வளைத்த வட்டக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 0.5 மி.மீ. கம்பிக்குப் பதிலாகக் கையில் கிடைத்த 0.6 மி.மீ. கம்பியை வளைத்துப் போட்டால், 1.2-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள், விறைப்பு இரண்டு மடங்குக்கும் சற்று மேலே போகும். நாக்கு வெட்டுச்சக்கரத்தைத் தேவையின்றி அரைத்துக்கொண்டே இருக்கும். கைப்பிடி சுற்றுவதும் கனக்கும். ஆகவே பழைய கம்பியை மைக்ரோமீட்டரில் அளக்காமல் புதியதை வளைக்கக்கூடாது. பொருள், பல் சீரமைக்கும் மருத்துவர்கள் கட்டும் துருவேறா வில்கம்பி மாதிரியான ரகம் நல்லது. கிதார்க் கம்பி வில்லாக நன்றாக இருக்கும், இந்தக் கரையில் ஒரு மழைக்காலம் தாங்காது. வளைக்கும்போது குறட்டின் கூர்விளிம்பு கம்பியில் தழும்பு போடாமல் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான அசைவுகளுக்குப் பிறகு களைப்பு முறிவு தொடங்குவது அந்தத் தழும்பிலிருந்துதான்.

நாக்கை எதில் செய்வது? எல்லைப்புற ஊர்களின் லேத் பட்டறைகளில் உடைந்த ரம்ப பிளேடு கிடைக்கும், 304 தகட்டுத் துண்டும் கிடைக்கும். பிளேடு கடினமானது என்று பலர் அதை விரும்புவார்கள். நான் தகட்டின் பக்கம். வெட்டுச்சக்கரம் குழலோடு சேர்ந்தது, மறுபடி செய்யக் கடினம். நாக்கு அரை மணி நேர அரவேலை. இரண்டில் ஒன்று தேய்ந்தே ஆகவேண்டும் என்றால் தேயவேண்டியது நாக்கு. பிளேடு எஃகைப் போட்டால் தேய்மானம் வெட்டுச்சக்கரத்துக்கு மாறிவிடும், அல்லது அதிர்ச்சியில் நாக்கு சட்டென்று முறிந்து அதன் துண்டு பற்களுக்குள் போய் விழும். பழுதுபார்ப்பவர் ஒவ்வொரு துண்டுக்கும் இப்படி முடிவெடுத்தாக வேண்டும்: இங்கே எது முதலில் தோற்கவேண்டும்? உறுதியான துண்டைச் செய்வதைவிட, சரியான இடத்தில் தோற்கும் துண்டைச் செய்வது பெரிய வேலை.

இதே கதைதான் பினியனிலும். பினியனின் அடியில் ஒரு வெட்டுப் பள்ளம் உண்டு, அது உருளை அச்சின் தட்டை முனையைக் கவ்வும். நெம்புகோலைத் தள்ளினால் ஒரு கவட்டைத் தகடு பினியனைத் தூக்கிப் பிடியை விடுவிக்கும், உருளை தாராளமாகச் சுற்றும், ஈயக்குண்டு தூரம் போய் விழும். திரும்பக் கவ்வ வைப்பவை கவட்டைக்கு மேலுள்ள இரண்டு சின்னச் சுருள்வில்கள். அவை துருவில் சுருங்கிவிட்டால் பினியன் பாதிதான் இறங்கும். பெரிய மீன் இழுக்கும் நேரத்தில் பள்ளத்தின் விளிம்பும் அச்சுமுனையும் ஒன்றையொன்று உருட்டி மழுக்கிவிடும். பினியனைக் குறைசொல்லிப் புதிது வாங்குகிறோம். வில்லை யாரும் நினைப்பதில்லை.

பல் உடைந்தால்? பற்சக்கரத்தின் பல் இரண்டு சக்கரங்களும் ஒரே சீரான வேகத்தில் ஓடும்படி வடிவம் கொடுத்த வளைகோடு. வெல்டிங் பொட்டு வைத்து அரத்தால் உருட்டினால் அந்த வளைவு வராது, ஓட்டம் தட்டும், பக்கத்துப் பல்லும் போகும். கடிகாரப் பழுதுக்காரர்களின் பழைய முறை ஒன்று உண்டு. உடைந்த பல் இருந்த இடத்தில் உள்ளே அகன்று வெளியே குறுகிய பள்ளம் வெட்டி, அதற்கு அச்சாகப் பொருந்தும் பித்தளைத் துண்டைச் செருகி, வெள்ளிப் பற்றவைப்பால் பிடிக்கச்செய்து, பக்கத்துப் பல்லைப் பார்த்து அரத்தால் உருவாக்குவார்கள். ஒரு பல், மிஞ்சினால் இரண்டு பல்லுக்கு இது சரி. அதற்குமேல் போனால் புதுச் சக்கரம்தான். படகுகளின் தண்டுகளில் போடும் கன்மெட்டல் புஷ்ஷின் பழைய துண்டு அதற்கு அருமையான மூலப்பொருள். செம்பும் வெள்ளீயமும் கலந்த அந்த உலோகம் கடல்நீரில் பித்தளையைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் பட்டறைக்காரரிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: பழைய அமெரிக்க ரீலின் பற்கள் அங்குலக் கணக்கு. விட்டத்தின் ஓர் அங்குலத்துக்கு 24 பல் என்ற கணக்கிலுள்ள சக்கரத்தில் பல்லின் இடைவெளி சுமார் 3.32 மி.மீ. நம் ஊர் லேத்தில் மாட்டியிருக்கும் மாட்யூல் 1 கட்டர் 3.14 மி.மீ. இடைவெளி போடும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், பூட்டினால் சிக்கும். திருகாணிகளின் மரையும் அப்படியே. மெட்ரிக் திருகாணியை வலுவில் ஏற்றினால் பாலத்தகட்டின் மரை போய்விடும், விசைவழியின் கடைசிக் கண்ணியை நாமே அறுத்ததாக ஆகும்.

வாஷர் அடுக்கு உடைவதில்லை, வெந்துபோகிறது. மீன் 5 கிலோ இழுப்பில் 100 மீட்டர் நரம்பை எடுத்துக்கொண்டு ஓடினால், வாஷர்கள் விழுங்கும் ஆற்றல் 50 நியூட்டன் பெருக்கல் 100 மீட்டர், அதாவது 5,000 ஜூல். உள்ளேயிருக்கும் 100 கிராம் பித்தளையில் அது முழுவதும் இறங்கினால் வெப்பம் சுமார் 130 டிகிரி ஏறும். வெளியே கசியும் வெப்பத்தைக் கழித்தாலும், பழைய தோல் வாஷர் கருகி இறுகுவதற்குப் போதுமானது. இறுகிய தோல் மழமழவென்று ஆகிவிடும். அசையத் தொடங்கத் தேவைப்படும் விசை ஒன்று, அசைந்தபின் தேவைப்படும் விசை இன்னொன்று என்று இரண்டும் விலகிப்போகும். ஒட்டி-வழுக்கும் ஓட்டம் என்பது இதுதான். நரம்பு சீராகப் போகாமல் வெட்டி வெட்டிப் போகும், ஒரு வெட்டில் அறுந்துவிடும். கார்பன் இழை வாஷரில் இந்த இரண்டு விசைகளுக்கும் இடைவெளி குறைவு, வெப்பமும் தாங்கும். தாளில் வரைந்து வெட்டி, மெல்லிய பூச்சாக உராய்வுக் கிரீஸ் தடவிப் போட்டால் அறுபது வயது ரீலும் இன்றைய ரீலாகிவிடும். ஓர் எச்சரிக்கை: சாம்பல் நிறத்தில் இழையிழையாக இருக்கும் பழைய வாஷர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் உரசித் தூசி கிளப்பாதீர்கள். நனைத்து எடுத்து, உறையில் கட்டி ஒதுக்கிவிடுங்கள்.

பேக்கலைட்டுக்கு வருகிறேன். லியோ பேக்லண்ட் 1907-இல் கண்டுபிடித்த இந்தப் பிளாஸ்டிக்கில்தான் பழைய ரீல்களின் பக்கத்தட்டும், சிலவற்றில் உருளையும் செய்யப்பட்டன. கடல்நீர் அதை அரிக்காது, அது பெரிய நன்மை. அதன் பகைவன் நைலான் நரம்பு. இந்த ரீல்கள் உருவான காலத்தில் சுற்றியது லினன் நூல். 1938-இல் டூபாண்ட் நைலானை அறிவித்தபின் நரம்பு மாறியது. நைலான் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கப் பார்க்கும். மீனோடு போராடிச் சுற்றிய ஒவ்வொரு சுற்றும் நீண்ட நிலையிலேயே உருளையில் உட்கார்ந்து, சுருங்குவதற்காக உள்நோக்கி நெருக்கிக்கொண்டிருக்கும். சராசரியாக 15 செ.மீ. சுற்றளவில் 300 மீட்டர் நரம்பு என்றால் 2,000 சுற்று. சுற்றுக்கு அரை கிலோ வைத்தாலும் மொத்தம் 1,000 கிலோ. மேல்சுற்றுகள் அமுக்கும்போது கீழ்ச்சுற்றுகள் தளர்வதால் அவ்வளவும் சேராது. கால்பங்கு மிஞ்சினாலே 250 கிலோ. இது மீன் போனபிறகும், ரீலைப் பரணில் தூக்கிப் போட்டபிறகும், ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஒருநாள் யாரும் தொடாமலேயே உருளை விரிசல் விடும். உலோக உருளையானால் விரிசல் விடாது, ஆனால் விளிம்புத் தட்டுகள் வெளிப்பக்கம் பிதுங்கிப் பக்கத்தட்டில் உரசும். ரீலை எடுத்து வைக்கும்முன் நரம்பைத் தளர்வாக மறுசுற்றுச் சுற்றுவதும், அடியில் அதிகம் நீளாத டாக்ரான் நூலைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மேலே நைலான் போடுவதும் இதனால்தான்.

பக்கத்தட்டில் விரிசல் விட்டிருந்தால் ஒட்டுவதற்கு முன் விரிசலின் நுனியைத் தேடுங்கள். 1913-இல் இங்கிலாந்துப் பொறியியலாளர் சி. ஈ. இங்லிஸ், கப்பல் தகடுகளில் துளைகளும் வெடிப்புகளும் என்ன செய்கின்றன என்று கணக்கிட்டபோது, விசை குவிவது வெடிப்பின் நீளத்தோடு அதன் நுனியின் கூர்மையையும் பொறுத்தது என்று காட்டினார். நுனி கூராக ஆக விசை பலமடங்காகும். ஆகவே நுனியில் 1 மி.மீ. துளை போட்டால், துளையின் வளைவு அந்தக் கூர்மையை மழுக்கி, விரிசல் முன்னேறுவதைத் தடுக்கும். பிறகு எபாக்சியை விரிசலுக்குள் ஓடவிட்டு, உட்பக்கம் இடமிருந்தால் மெல்லிய கண்ணாடியிழைத் துணி ஒட்டலாம். பேக்கலைட் சூட்டில் உருகாது, உருக்கி ஒட்டப் பார்ப்பவர்கள் அதைக் கருக்கத்தான் செய்வார்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் ரீல் திறக்கவேண்டும். அங்கேதான் இந்த ஊர்க் காற்று வருகிறது. சமையலுப்பு 75 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் காற்றிலிருந்து நீரை உறிஞ்சித் தானே கரையும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். தென்கேரளக் கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் முதல் அளவைத் தாண்டியே இருக்கிறது, இரண்டாவதற்குக் கீழே அது இறங்குவதே இல்லை எனலாம். துடைத்து உலர்த்தியதாக நாம் நினைக்கும் ரீலின் மூலைகளில் உப்புநீர் மெல்லிய படலமாக இருந்துகொண்டே இருக்கிறது. அந்தப் படலம் எஃகுத் திருகாணியையும் சில ரீல்களிலுள்ள அலுமினியத் தாங்கியையும் இணைக்கும் மின்கலமாகி, அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக்கும். பித்தளையில் துத்தநாகத்தை மட்டும் கரைத்தெடுத்து, செம்பு நிறத்தில் பொருபொருத்த எலும்புக்கூட்டை விட்டுவைக்கும். குரோமிய முலாம் மேலே பளபளத்துக்கொண்டிருக்க, ஊசித்துளை வழியாக இறங்கி அடியில் இதைச் செய்யும். துண்டை அரத்தால் ஒரு கீறல் கீறிப்பாருங்கள். மஞ்சளாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். சிவந்திருந்தால் எவ்வளவு நேர்த்தியாகத் தெரிந்தாலும் அதன்மேல் பற்றவைக்காதீர்கள்.

இறுகிய திருகாணியை முறுக்காதீர்கள். முதலில் வெந்நீரில் ஓரிரவு ஊறவிட்டு உப்பைக் கரையுங்கள். நல்ல தண்ணீர், பலமுறை மாற்றி. பிறகு ஊடுருவும் எண்ணெய், காத்திருத்தல், பள்ளத்தை முழுவதும் நிரப்பும் அளவுக்குத் தீட்டிய திருப்புளி. அசையாவிட்டால் திருகாணியின் தலையைப் பற்றவைக்கும் கோலால் சூடாக்கி ஆறவிடுங்கள், இரண்டு மூன்று முறை. எஃகும் அலுமினியமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் இடையிலுள்ள உப்புப்பாறை நொறுங்கும். வலப்பக்கத் தட்டைத் தூக்கும்போது கவட்டையின் இரண்டு வில்களும் தெறிக்கும். வேலையை அகலத் தட்டுக்குள், துணி விரித்துச் செய்யுங்கள். ஒவ்வொரு திருகாணியும் வந்த துளையைத் தாளில் குறித்து அங்கேயே குத்தி வையுங்கள், எல்லாம் ஒரே நீளமல்ல.

திரும்பப் பூட்டும்போது திருகாணியை முதலில் இடப்பக்கமாகச் சுழற்றுங்கள். மரை மரைக்குள் விழும் சிறு தட்டல் விரலுக்குத் தெரியும், அதன்பிறகு வலப்பக்கம். பூட்டி முடித்தபின் நரம்பு முனையில் வில்தராசு மாட்டி இழுத்துப் பாருங்கள். அறுவிசையில் மூன்றில் ஒரு பங்குக்கு நட்சத்திரத்தை வைப்பது வழக்கம், 15 கிலோ நரம்புக்கு 5 கிலோ. இதை உருளை நிறைந்திருக்கும்போது வைக்கிறீர்கள். மீன் நரம்பை எடுத்துப் போகப் போக உருளையின் ஆரம் குறையும். ஆரம் பாதியானால், நீங்கள் எதையும் தொடாமலேயே இழுப்பு 10 கிலோவாகும். பழைய ரீலில் பெரிய மீன் தொலைவில் போய் நரம்பறுத்ததற்குப் பாதிக் காரணம் இது. தராசு முள் ஒரே இடத்தில் நின்றால் வேலை முடிந்தது. துள்ளினால் வாஷர் அடுக்கில் ஒன்று தலைகீழாகவோ கோணலாகவோ உட்கார்ந்திருக்கிறது, தட்டை மறுபடி திறக்க வேண்டும்.